‘மதர்போட் எரிந்துவிட்டது’ என்று சொல்லி 20,700 ரூபாவை வாங்கிக்கொண்டார்கள்

20,700 ரூபா. விசுவமடுவில் வீட்டிலிருந்தபடி ஆசிரியர்களுக்கு வினாத்தாள் தட்டச்சுச் செய்து, மாதம் மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. அதைக் கிளிநொச்சியில் கணினி திருத்தும் ஒரு கடையில் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். நேற்று இரவுதான் உண்மை தெரிந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இடி முழங்கினால் அம்மா கணினியின் பிளக்கைக் கழற்றிவிடுவார். அப்படி ஒரு நாள் கழற்றிய மறுநாள் விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில், தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்தும்படி ஒரு வரி. அழுத்தினேன், அசையவில்லை. எந்த விசையைத் தட்டியும் பயனில்லை. விசைப்பலகையில் எரியும் சிறிய விளக்குக்கூட எரியவில்லை.

அன்று வினாத்தாள் கொடுக்க வேண்டிய நாள். கணினிப் பெட்டியை உரப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் முதலில் கணினியைப் பார்க்கவில்லை, ஊரைத்தான் கேட்டார். சொன்னேன். “2009இல் எந்த முகாம் தங்கச்சி?” என்றார். போர் முடிந்தபோது எங்களை வைத்திருந்த செட்டிகுளம், இராமநாதன் முகாம் என்றேன். “நாங்களும் அங்கேதான். தண்ணீர் வண்டிக்கு வரிசையில் நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது” என்று சொல்லித் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் எதைச் சந்தேகிப்பேன்? அந்த வரிசையில் நின்ற ஒருவர் என்னை ஏமாற்றுவார் என்று எப்படி நினைப்பேன்?

பெட்டியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். “மின்னல் அடித்து மதர்போட் எரிந்துவிட்டது. வேறு போட வேண்டும், 18,500 ரூபா.” மதர்போட் என்றால் கணினியின் எல்லாப் பாகங்களும் பொருத்தப்படும் முதன்மைப் பலகை. இரண்டு நாள் கழித்துப் போனேன். கடையில் போட்டுக் காட்டினார், நன்றாக வேலை செய்தது. காசை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, “நமக்குள் எதற்கு?” என்றார்.

வீட்டில் பிளக்கைச் செருகினேன். அதே கறுப்புத் திரை, அதே எஃப்1.

தொலைபேசியில் கேட்டால் விசைப்பலகைதான் பழுதாம். மறுபடியும் பஸ் ஏறிப் போய் 2,200 ரூபாவுக்குப் புதியது வாங்கினேன். அதுவும் வேலை செய்யவில்லை. பிறகு, “உங்கள் வீட்டு மின்சாரம் சரியில்லை.” அடுத்த நாள், “திருத்துகிற பையன் வெளியே போய்விட்டான்.” அதற்கடுத்த நாள், “பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளங்காது, வீட்டில் ஆண்கள் யாரையாவது பேசச் சொல்லுங்கள்.” எங்கள் வீட்டில் ஆண்கள் இல்லை. அதுவும் அவருக்குத் தெரியும், தேநீர் குடிக்கும்போது நானே சொன்னேன்.

நேற்று இரவு, அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் சித்தியின் மகன் வந்து பெட்டியைத் திறந்தான். நினைவகத்தைப் பிடித்திருக்கும் வெள்ளைக் கொக்கி ஒன்று இரண்டு வருடங்களுக்கு முன் என் கையால் உடைந்தது. அதே உடைந்த கொக்கி அப்படியே இருந்தது. அதே மதர்போட். 18,500 ரூபாவுக்கு அவர்கள் எதையும் மாற்றவில்லை.

கோளாறு என்ன தெரியுமா? உள்ளே காசு அளவில் ஒரு பற்றரி, சிஆர்2032. அது செத்துப்போயிருந்தது. பிளக் கழன்றால் கணினி நேரத்தையும் அமைப்புகளையும் மறந்து எஃப்1 கேட்கிறது. என் விசைப்பலகையோ பின்பக்கம் நீல நிற யூஎஸ்பி துளையில் செருகியிருந்தது. எங்களுடையது போன்ற பழைய மதர்போட் சிலவற்றில் விண்டோஸ் ஏறும்வரை அந்தத் துளை உயிர்பெறாதாம். தம்பி அதைக் கழற்றிக் கறுப்புத் துளையில் செருகினான். சிறிய பச்சை விளக்கு எரிந்தது. எஃப்1 அழுத்தினேன், விண்டோஸ் வந்தது. திகதி 2012 என்று காட்டியது. இன்று காலை 150 ரூபாவுக்குப் பற்றரி வாங்கிப் போட்டோம். பிளக்கைக் கழற்றி மறுபடி செருகியும் பார்த்துவிட்டேன். எஃப்1 கேட்கவில்லை.

150 ரூபா வேலைக்கு 20,700 ரூபா.

கணினி தொடங்கும்போது விசைப்பலகை வேலை செய்யாவிட்டால் முதலில் வேறு துளையில் செருகிப் பாருங்கள். பற்றரியைப் பாருங்கள். கம்பியில்லா விசைப்பலகை என்றால் கம்பி உள்ளதை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். எதையாவது மாற்றினோம் என்று கடைக்காரர் சொன்னால் கழற்றிய பழையதைக் கையில் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. நான் நாளை காலை அழைக்கிறேன், பற்றுச்சீட்டு இல்லாமல்தான்.

இன்று பின்னேரமும் அந்தக் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள்.