தட்டை மணலா, செங்குத்துச் சரிவா, பாறையா: ஒரு நாள் கடற்கரைப் பயணத்துக்கு எது தோது?

ஒரே கடலோரம், ஒரே காற்று, ஒரே அலை. ஆனாலும் ஒரு கரையில் முழங்கால் தண்ணீரில் ஐம்பது மீட்டர் நடக்கலாம். பக்கத்துக் கரையில் பத்துப் பதினைந்து எட்டிலேயே கழுத்தளவு. காரணம் மணலின் பருமன். மாவு போன்ற நுண்மணல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. ஏறி வந்த அலைநீர் மணலையும் வாரிக்கொண்டு திரும்ப, கரை தட்டையாகிவிடும். பருமணலில் ஏறிய நீர் பாதி இடுக்குகளில் இறங்கிப்போகும். திரும்பும் நீருக்கு வலு குறைவு என்பதால் மணல் மேலேயே தங்கி, சரிவு செங்குத்தாகும். இணையத்தில் பார்க்கும் படங்களில் இந்தச் சரிவு தெரியவே தெரியாது. அதனால்தான் படத்தைப் பார்த்துக் கிளம்பியவர்கள் குழந்தைகளோடு போய் நின்று திகைக்கிறார்கள்.

தட்டைக் கரையும் சரிவுக் கரையும்

அலை, தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும். 100 மீட்டருக்கு 1 மீட்டர் மட்டுமே இறங்கும் தட்டைக் கரையில் 1 மீட்டர் அலை சுமார் 130 மீட்டர் தள்ளி உடையும். பிறகு நுரையாகத் தேய்ந்து தேய்ந்து கணுக்காலுக்கு வந்து சேரும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் கரையில் அதே அலை 13 மீட்டரில் உடைகிறது. வழியில் தேய்வதற்கு இடமே இல்லை. இன்னும் செங்குத்தாக இருந்தால் காலடியிலேயே மடங்கி விழும்.

ஆகவே சிறு குழந்தைகள், தண்ணீருக்குப் பழகாதவர்கள், முழங்கால் தேய்ந்த முதியவர்கள் என்றால் தட்டைக் கரைதான். ஈரமணல் கெட்டியாக இருப்பதால் சக்கர நாற்காலியும் ஓரளவு உருளும். சாலைக்கும் ஈரமணலுக்கும் இடையிலுள்ள உலர்மணல் பட்டைதான் சிக்கல். அதைக் கடக்கப் பாய்விரிப்போ மரப்பாதையோ இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். குழந்தைகள் மணலில் குழி தோண்டினால், கூட்டத்திலேயே சின்னக் குழந்தையின் முழங்காலுக்கு மேல் ஆழம் போகவிடக் கூடாது. உலர்மணல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சரியும். உள்ளே இருப்பவரைக் கையால் தோண்டி எடுப்பது நினைப்பதை விடக் கடினம்.

நன்றாக நீந்தத் தெரிந்தவருக்குத் தட்டைக் கரை சலிப்பு. நீந்தும் ஆழத்துக்குப் போகவே நெடுந்தூரம் நுரைக்குள் நடக்க வேண்டும், தண்ணீரும் கலங்கல். அலை அடங்கிய நாளில் சரிவுக் கரைதான் அவருக்குச் சொர்க்கம்: நாலு எட்டில் ஆழம், தெளிந்த நீர், உடம்பில் ஒட்டாத பருமணல். ஆனால் கரையிலேயே மடங்கும் அலை முழங்கால் உயரத்தைத் தாண்டிவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அது ஆளைத் தூக்கித் தலைகீழாக மணலில் குத்தும். கழுத்து எலும்பும் முதுகுத்தண்டும் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். வெளியே வரும்போது கடலுக்கு முதுகு காட்ட வேண்டாம். ஓர் அலை உடைந்து ஓய்ந்ததும், அடுத்தது வருவதற்குள் ஏறிவிட வேண்டும்.

நடுத்தரக் கரை என்ற ஏமாற்று

1984இல் டான் ரைட், ஆண்ட்ரூ ஷார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியக் கடற்கரைகளை அலசி, அவற்றை ஆறு நிலைகளாகப் பிரித்தார்கள். ஒரு முனையில் தட்டை, மறுமுனையில் செங்குத்து, நடுவில் நான்கு. பார்வைக்கு அழகாகவும் குளிக்க ஆசையூட்டுவதாகவும் இருப்பவை பெரும்பாலும் இந்த நடு நான்கும்தான். ஆட்களை உள்ளே இழுப்பவையும் அவையே.

இங்கே கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் மணல்திட்டுகள் இருக்கும். திட்டைத் தாண்டி உள்ளே குவிந்த நீர், திரும்பிப் போக இரண்டு திட்டுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தைத் தேடும். அதுதான் இழுவை நீரோட்டம். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. இருபுறமும் வெள்ளை நுரை, நடுவில் கருத்து அமைதியாக ஒரு சந்து: புதிதாக வருபவர் 'இங்கேதான் அலை இல்லை' என்று சரியாக அந்த இடத்தில் இறங்குவார். கடல்நீர் வடிந்து தாழும் வற்ற நேரத்தில் திட்டுகள் மேலெழுந்து நீர் பள்ளத்துக்குள் ஒடுங்குவதால் இழுவை பெரும்பாலும் அப்போது கூடும். வேகம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. ஒலிம்பிக் நீச்சல் வீரரின் வேகமே அவ்வளவுதான்.

தண்ணீரில் இறங்குமுன் பத்து நிமிடம் உயரமான இடத்தில் நின்று பாருங்கள். நுரையோ இலைதழையோ கடலை நோக்கி நகரும் பட்டை தெரிந்தால், அந்த இடத்தைத் தவிர்த்துத் தள்ளிப் போய் இறங்கலாம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. இந்த ஓட்டம் வெளியே கொண்டுபோகுமே தவிர அடியில் அமுக்காது. ஆளை மூழ்கடிப்பது களைப்பு. மிதந்துகொண்டே கையைத் தூக்கி உதவி கேளுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரியும் இடத்துக்கு வந்து அலையோடு திரும்புங்கள். தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல்தடுப்பு), பாலம் போன்ற கட்டுமானங்களின் ஓரத்தில் இந்த ஓட்டம் ஏறக்குறைய நிரந்தரம். அங்கே திட்டு தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை, தள்ளியே இருங்கள்.

உயிர்காப்பாளர் இருக்கும் கரையில் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். இரட்டைச் சிவப்புக் கொடி என்றால் கடல் மூடப்பட்டிருக்கிறது. 'நீலக்கொடி' பெற்ற கரை என்பது வேறு சங்கதி. 1980களில் பிரான்சில் தொடங்கிய அந்தச் சான்று நீரின் தூய்மை, வசதிகள், பாதுகாப்பு ஏற்பாடுகள் இவற்றுக்கானது. இன்றைக்கு அலை எப்படி என்பதை அது சொல்லாது.

திறந்த கடலா, ஒதுங்கிய விரிகுடாவா?

துடுப்புப் படகு, மிதவைப் பலகை, மூக்குக்குழாய் மாட்டி மீன் பார்ப்பது என்றால் விரிகுடாவுக்குத்தான் ஓட்டு. முனைகள் அலையை உடைத்துவிடுவதால் உள்ளே நீர் குளம் போல இருக்கும். ஆனால் அந்த அமைதியே ஒரு பொறி. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் ஓரத்தில் அலையே இருக்காது. காற்றடைத்த மிதவையில் ஏறிய குழந்தை சில நிமிடங்களில் ஒதுக்கம் இல்லாத வெளிக்கடலுக்குப் போய்விடும். காற்றடைத்த மிதவைகளுக்கு அந்த நாள் ஆகவே ஆகாது. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் மிதவை தானே திரும்பி வரும், ஆனால் சொறிமீன்களையும் குப்பையையும் சேர்த்தே கொண்டுவரும்.

விரிகுடாவின் இன்னொரு குறை: நீர் மெதுவாகத்தான் மாறும். கனமழைக்குப் பின் கழிவுநீரும் ஓடைநீரும் அங்கேயே தங்கும். இரண்டு மூன்று நாள் தள்ளிப் போவது நல்லது. திறந்த கரை சீக்கிரம் தெளிந்துவிடும்.

காற்றுக்கும் கடிகாரம் உண்டு. வெயில் நாளில் நிலம் சூடேறியதும் முற்பகலுக்கு மேல் கடல்காற்று கிளம்பி, பிற்பகலில் உச்சத்தைத் தொடும். படகு, பலகை, மீன் பார்ப்பது எல்லாம் காலையிலேயே முடிவது மேல்.

பாறைக் கரை: நேரம்தான் எல்லாம்

பாறைக் குட்டைகளில் நண்டும் கடல் சாமந்தியும் பார்க்கப் போகிறவர் கரையைத் தேர்வதற்கு முன் நாளைத் தேர வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். மற்ற நாளில் மூழ்கியே கிடக்கும் பாறைகள் அப்போதுதான் வெளியே தெரியும். அட்டமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் அதிகம் மாறாது. குளிக்க அது நல்லது, பாறை பார்க்க வீண். இதுவும் கடலுக்குக் கடல் மாறும்: கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 16 மீட்டர் வரை வேறுபாடு உண்டு, மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் அரை மீட்டர் கூட இல்லை. அங்கே ஓத அட்டவணையை, அதாவது நீர் ஏறி வடியும் நேரப் பட்டியலை, பார்க்காமலே போகலாம்.

ஓதம் சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏறும் என்பது மாலுமிகளின் கைக்கணக்கு. 3 மீட்டர் ஏற்றம் என்றால் முதல் மணியில் 25 சென்டிமீட்டர், மூன்றாம் மணியில் 75. முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்து 'மெதுவாகத்தானே ஏறுகிறது' என்று உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. உச்ச வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய், நீர் திரும்பியதும் கிளம்புங்கள். குன்றுகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய கரையில் திரும்பும் வழி முதலில் மூழ்கும். ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்று பார்த்த நேரம் இன்றைக்கு உதவாது.

தட்டைக் கரைக்கும் இந்தக் கணக்கு உண்டு, ஆனால் வேறு வடிவில். 75 சென்டிமீட்டர் ஏற்றம், சரிவுக் கரையில் தண்ணீரை 7.5 மீட்டர் முன்னே கொண்டுவரும். தட்டைக் கரையில் 75 மீட்டர். அதோடு, நீங்கள் நிற்கும் திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளம் முதலில் நிரம்பிவிடும்.

பாறையில் வெறுங்கால் வேண்டாம்: பாறையில் ஒட்டி வளரும் கொட்டலசும் சிப்பியும் அறுக்கும், பச்சைப்பாசி வழுக்கும். புரட்டிய கல்லைப் பழையபடியே வையுங்கள், அடியில் இருப்பவை வெயிலில் செத்துவிடும்.

முகத்துவாரமும் கூழாங்கல் கரையும்

முகத்துவாரம் பறவை பார்க்கவும் படம் எடுக்கவும் அருமையான இடம். குளிக்க மோசமான இடம். நீர் வடியும்போது ஆறும் ஓதமும் சேர்ந்து கடலுக்குள் தள்ளும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடு நேரத்தில் ஓட்டம் மிக வேகம். ஆழமில்லாத கலங்கல் நீரில் நடந்தே ஆக வேண்டும் என்றால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் புதைந்த திருக்கை விலகிப் போய்விடும்.

கூழாங்கல் கரையில் மணல் ஒட்டாது, தண்ணீர் தெளிவு. மற்றபடி குழந்தைக்கும் முதியவருக்கும் நடையே கஷ்டம், சரிவும் பெரும்பாலும் செங்குத்து. சும்மா உட்கார்ந்து படிக்கப் போகிறவருக்கு ஏற்றது.

நெடுநடையும் கிளம்புமுன் பார்க்க வேண்டிய எண்களும்

நெடுநடைக்கு வற்ற நேரத்துத் தட்டைக் கரை. உலர்மணலில் நடக்கக் கெட்டித் தரையை விட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும் என்பதால், போகும் வழி மட்டுமல்ல, திரும்பும் வழியும் ஈரமணலாக இருக்கும்படி கணக்கிடுங்கள். காற்றை எதிர்த்துப் போய்க் காற்றோடு திரும்புங்கள். குடை பிடித்தாலும் மணல் சுமார் 15 சதவீதம் புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும்; குடை மட்டும் போதாது.

முன்னறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்ப்பவர்கள் பாதி தகவலை விட்டுவிடுகிறார்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை வினாடி என்பதையும் பாருங்கள். 1 மீட்டர் அலை 12 வினாடிக்கு ஒருமுறை வந்தால், 6 வினாடிக்கு ஒருமுறை வரும் அதே உயர அலையைப் போல இரண்டு மடங்கு வலு. உயரம் இரட்டித்தால் வலு நான்கு மடங்கு. அறிவிக்கும் உயரமும் எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான். இடையிடையே அதைப் போல இரு மடங்கு உயர அலையும் வரலாம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் கிளம்பும் அன்று காலையில் காற்று திசை மாறலாம். அதற்காக, முனைக்கு அந்தப் பக்கம், முதல் கரைக்கு எதிர்த்திசையைப் பார்க்கும் இரண்டாவது கரை ஒன்றையும் குறித்து வையுங்கள். ஒன்றில் அலை மோதும் நாளில் மற்றொன்று பெரும்பாலும் ஒதுங்கியிருக்கும்.