பழைய ரக்பி ஆட்டக்காரனின் மூளைப் பரிசோதனை: 2,300 வெள்ளிக்குக் கிடைத்தது என்ன?

கல்லூரிக் காலத்தில் நான்கு ஆண்டுகள் ரக்பி ஆடியவன் நான். தலையில் அடிபட்டு, ஆட்டத்தின் மறுபாதி நினைவிலேயே இல்லாமல் போனது மூன்று முறை. முகத்தில் தண்ணீரைத் தெளித்து மீண்டும் திடலுக்குள் அனுப்பிவிடுவது அந்நாளைய வைத்தியம். இப்போது வயது ஐம்பத்திரண்டு. தெரிந்தவர் பெயர்கள்கூட நாக்கு நுனியில் நின்றுவிடுவதை மனைவி சுட்டிக்காட்டவே, கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மூளை நலப் பரிசோதனைத் தொகுப்புக்குப் பதிந்துகொண்டேன். எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை, நினைவாற்றல் தேர்வு, நரம்பியல் மருத்துவருடன் சந்திப்பு ஆகிய எல்லாம் சேர்த்துக் கட்டணம் 2,300 வெள்ளி.

முதல் குறை விளம்பரத் தாளிலேயே இருக்கிறது. தொடர்ந்து தலையில் அடிபட்ட ஆட்டக்காரர்களுக்கு வரும் சி.டி.இ. என்னும் மூளைச் சிதைவை ஸ்கேன் மூலம் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ண வைக்கும் வாசகம் அதில் இருந்தது. உண்மையில், இறந்தபின் மூளைத் திசுவை ஆராய்ந்து, நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுற்றி டாவ் என்னும் புரதம் படிந்திருப்பதைக் கண்டால்தான் அந்நோய் உறுதியாகும். எதிர்பார்த்தபடியே என் எம்.ஆர்.ஐ. இயல்பாக இருந்தது, மூளை அதிர்ச்சி பலமுறை ஏற்பட்டவர்களுக்கும் அது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

நினைவாற்றல் தேர்வு என்பது மோகா எனப்படும் 30 புள்ளித் தாள். கடிகாரம் வரைய வேண்டும். ஐந்து சொற்களைக் கேட்டுச் சில நிமிடங்கள் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு 28 கிடைத்தது; 26உம் அதற்கு மேலும் இயல்பு என்பது கணக்கு. தேர்வு ஆங்கிலத்திலோ மலாயிலோதான் நடக்கும் என்றார்கள். தமிழிலேயே சிந்தித்துப் பழகிய என் அண்ணனை உட்காரவைத்தால், மொழித் தடுமாற்றமும் மறதிக் கணக்கில் சேர்ந்துவிடாதா?

கொடுத்த பணத்துக்கு ஈடு செய்தவர் மருத்துவர்தான். நாற்பது நிமிடம் பேசினார். என்னைவிட என் மனைவியிடம் அதிகம் கேட்டார். 2017இல் வெளியான பாஸ்டன் ஆய்வில் 202 அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களின் மூளைகளில் 177இல் சி.டி.இ. இருந்ததையும், கல்லூரி அளவோடு நின்றவர்கள் 53 பேரில் 48 பேருக்கு அது இருந்ததையும் நான் படித்து மிரண்டிருந்தேன். அவை குடும்பத்தினர் தானமாகக் கொடுத்த மூளைகள் என்பதையும், அறிகுறி கண்டு கவலைப்பட்ட குடும்பங்களே பெரிதும் முன்வருவதால் அந்த விகிதத்தைக் கல்லூரியில் ஆடிய எல்லோருக்கும் பொருத்தக் கூடாது என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். 28 என்ற எண்ணும் இன்றைக்குத் தனியாக எதையும் சொல்லாது, சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கவே உதவும் என்றார்.

பிறகு என் குறட்டையைப் பற்றி விசாரித்துத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது அதில் தெரியவந்தது. ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. இரண்டுமே நினைவாற்றலைக் கெடுப்பவை, இரண்டுக்குமே மருத்துவம் உண்டு.

அமெரிக்காவில் முன்னாள் கல்லூரி ஆட்டக்காரர்களின் மருத்துவக் கண்காணிப்புக்காக, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. என்னும் அமைப்பின் மீதான தலைக்காய வழக்கின் சமரசத்தில் 7 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இங்கே என் கல்லூரி கொடுத்தது ஒரு கோப்பையும் நற்சான்றிதழும். ஆகவே அடுத்த ஆண்டும் சொந்தப் பணத்தில்தான் போவேன். ஆனால் தொகுப்பு வேண்டாம், அதே மருத்துவரின் சந்திப்புக்கு மட்டும் கட்டணம் செலுத்தி, மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு.