பழைய ஃபாக்ஸ்ப்ரோ மென்பொருளை மாற்றி எழுத: டாட்நெட்டா, ஜாங்கோவா?

பழைய டேட்டாபேஸ் நிரல்மொழியான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்துவிட்டது. ஒரு டேபிள் 2 ஜிபியைத் தாண்டவும் முடியாது.

நாள் முழுக்க கீபோர்டிலேயே பில் போடுபவர்களுக்கு டாட்நெட் வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் டெஸ்க்டாப் நிரல் எழுதும் மைக்ரோசாஃப்ட் கருவி)தான் சரி. என்டர் தட்டினால் அடுத்த கட்டம், எஃப்2 தட்டினால் தேடல் என்ற கைப்பழக்கத்தை அப்படியே கொடுக்கலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பது குறை.

கிளைகள் பல என்றால், பிரவுசரில் ஓடும் நிரலைப் பைத்தானில் எழுத உதவும் ஜாங்கோ. சர்வரில் ஒருமுறை மாற்றினால் போதும். ஆனால் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கு நேரடியாக அனுப்ப பிரவுசர் விடாது. கணினிதோறும் சிறு துணை நிரல் வேண்டும். இதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

எதை எடுத்தாலும் பாதி உழைப்பு டேட்டாவை மாற்றுவதில்தான். பழைய டேபிள்களை வேறு நிரல்கள் படிக்க உதவும் ஃபாக்ஸ்ப்ரோ ஓஎல்இ டிபி டிரைவர் (ப்ரொவைடர்) 32 பிட் மட்டுமே. மாற்றும் நிரலை 64 பிட்டில் ஓட்டினால், ப்ரொவைடர் பதிவாகவில்லை என்று நின்றுவிடும். காலித் தேதிகள் 30-12-1899 என்று வரும். அவற்றை நல் (NULL, மதிப்பு இல்லை) ஆக்குங்கள். எழுத்துப் புலங்களின் வால் இடைவெளியை வெட்டாவிட்டால் ஜாங்கோவில் ஒப்பீடுகள் பொய்க்கும். தொகைக்கு, தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வகை வேண்டவே வேண்டாம், துல்லியமாகச் சேமிக்கும் டெசிமல் வையுங்கள். பேக் செய்யாத (அழித்தவற்றை நிரந்தரமாக நீக்காத) டேபிளில் அழித்த பதிவுகளும் கிடக்கும். அவற்றை விலக்கிவிட்டு, மாதவாரி மொத்தத்தைப் பழையதோடு ஒத்துப் பாருங்கள்.