‘ஆயுள் உரிமம்’ என்று விற்கப்படும் பில்லிங் மென்பொருள்: ஹோஸ்டிங் தொழில் செய்வோர் கவனத்துக்கு

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் பில்லிங் மென்பொருள் வேலையை நிறுத்தியது. அது எனக்குத் தெரியவந்ததோ 24ஆம் தேதி, திங்கட்கிழமை காலையில். இடைப்பட்ட நாட்களில் ஓர் இன்வாய்ஸும் போகவில்லை, ஒரு நினைவூட்டலும் போகவில்லை. பணம் கட்டியவர்களின் டொமைன், அதாவது இணைய முகவரிகூடப் புதுப்பிக்கப்படவில்லை. அன்று காலை என்னை அழைத்தவர் திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர் ஒருவர். "ஜெர்மனியிலிருந்து சாம்பிளுக்கு ஒப்புதல் அனுப்பினார்களாம். மெயில் திரும்பிவிட்டது என்கிறார்கள். நான் போன வாரமே பணம் கட்டிவிட்டேனே தம்பி?" என்று கேட்டார். கட்டியிருந்தார். 19ஆம் தேதியே அவர் பணம் எங்கள் வங்கிக் கணக்குக்கு வந்திருந்தது. டொமைன் 21ஆம் தேதி காலாவதியாகியிருந்தது.

டாட் காம் டொமைன் காலாவதியான அன்றே பறிபோய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதையும் தாண்டி நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது கட்டணம் பல மடங்கு. பிறகு ஐந்து நாளில் அது பொதுவெளிக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் முதல் கட்டத்திலேயே விழித்துக்கொண்டதால் கையால் புதுப்பித்தோம். பிற்பகலுக்குள் மெயில் வரத் தொடங்கியது. ஆனால் அந்த மூன்று நாளில் திரும்பிப் போனவை போனவைதான். ஏற்றுமதித் தொழிலில் ஒரு சாம்பிள் ஒப்புதல் மூன்று நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பது திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இது எப்படி நடந்தது என்பதை முழுமையாக எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களிடம் சர்வர் இடம் வாங்கி, இணையதளமும் மெயிலும் வைத்திருப்போருக்குப் பிரித்து விற்கும் என்னைப் போன்ற சிறிய ஹோஸ்டிங் ரீசெல்லர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். என்னிடம் வந்த அதே ஆள் அவர்களிடமும் போகிறார்.

எனக்கு அப்போது 340 வாடிக்கையாளர்கள். ஏற்றுமதி நிறுவனங்கள், சாயப்பட்டறைகள், சில பள்ளிகள், கோயில் அறக்கட்டளைகள். பல ஆண்டுகள் எக்செல் தாளிலேயே கணக்கை ஓட்டினேன். 2019 ஜூனில், ஹோஸ்டிங் சர்வர்களை நிர்வகிக்கும் மென்பொருளைத் தரும் சிபேனல் நிறுவனம், சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த உரிமக் கட்டணத்தை அதில் இருக்கும் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப என்று மாற்றியது. அந்த அடியை எங்களில் யாரும் மறக்கவில்லை. பில்லிங் மென்பொருள்களிலும் இத்தனை வாடிக்கையாளருக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்கும் வழக்கம் வந்துவிட்டது. தொழில் வளர வளரக் கட்டணமும் வளரும். அந்தப் பயத்தில் இருந்தபோதுதான், 2023 ஏப்ரலில், ஒரு விற்பனை முகவர் வந்தார்.

"அண்ணா, ஒரே முறை 42,000 ரூபாய். ஆயுளுக்கும் உங்களுடையது. ஜிஎஸ்டி மாட்யூல் நாங்களே எழுதியது, அதுவும் சேர்த்துத்தான். நிறுவுவதும் பராமரிப்பதும் எங்கள் சர்வரில், எங்கள் பொறுப்பு" என்றார். மென்பொருள் உலகறிந்த ஒன்றுதான். அதில் ஐயம் எழவில்லை. செயல்விளக்கம் நன்றாக இருந்தது. பணம் கொடுத்தேன். அவர் கொடுத்த ரசீதில் ‘மென்பொருள் நிறுவுதல் - 1’ என்று மட்டும் இருந்தது. உரிமம் என்ற சொல்லே அதில் இல்லை. அன்று நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

பதினான்கு மாதங்கள் எல்லாம் ஓடியது. இந்த வகை மென்பொருளில் உயிர் இருப்பது நாம் பார்க்கும் திரையில் அல்ல. பின்னால் ஓடும் தானியங்கிப் பணியில், அதாவது கிரானில் இருக்கிறது. இன்வாய்ஸ் போடுவது, நினைவூட்டுவது, பணம் வராத கணக்கை நிறுத்துவது, நெடுநாள் வராவிட்டால் அழிப்பது எல்லாம் அந்தப் பணிதான். உரிமம் ரத்தானதும் முதலில் நின்றது அது. திரை மட்டும் வழக்கம்போலத் திறந்துகொண்டிருந்தது. இணையவழிப் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயிலிருந்து வந்த ‘பணம் வந்துவிட்டது’ என்ற தகவலையும் மென்பொருள் பதிவு செய்யவில்லை. பணம் கட்டியவரும் கட்டாதவரும் அதன் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டார்கள். திங்கட்கிழமை மதியம் திரையும் பூட்டிக்கொண்டது: உரிமம் செல்லாது.

முகவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்துக்கு நேரடியாக எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. அந்த உரிமம் என் பெயரில் இல்லை; வேறொருவர் கணக்கில் மாதச் சந்தாவாக எடுக்கப்பட்டது; கட்டணம் வராததால் ரத்தானது. அவர்கள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் என்னைத் தங்கள் வாடிக்கையாளராகக் கருத அவர்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை. வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன் வீடு என்று சொல்லி எனக்கு ஒத்திக்கு விட்டிருக்கிறார் அந்த முகவர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் சுமார் 1,600 ரூபாய் வீதம் பதினான்கு மாதத்துக்கு அவர் கட்டியது 22,400 ரூபாய். மீதி 19,600 ரூபாயைப் பையில் போட்டுக்கொண்டு நிறுத்திவிட்டார்.

பணம் போனதைக்கூட ஆறவிடலாம். மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது அவருடைய சர்வரில். என் 340 வாடிக்கையாளர்களின் முகவரி, தொலைபேசி எண், இன்வாய்ஸ், கணக்குகளின் கடவுச்சொல் அனைத்தும் அங்கே இருந்தன. நான்காம் நாள் அவரே அழைத்து, டேட்டாபேஸ் வேண்டுமானால் 60,000 ரூபாய் ‘இடமாற்றக் கட்டணம்’ என்றார். என்னுடைய தரவுக்கு என்னிடமே விலை சொன்னார். நான் வழக்கறிஞர் மூலம் பேசிய பிறகு பணம் வாங்காமல் கொடுத்தார். ஆனால் கொடுத்தது டேட்டாபேஸை மட்டும். இந்த மென்பொருள் கடவுச்சொற்களைக் குறியாக்கம் செய்து வைக்கும். அதைத் திறக்கும் சாவி, நிறுவிய இடத்தில் இருக்கும் அமைப்புக் கோப்பில் தனியாக இருக்கும். அந்தக் கோப்பு இல்லாமல் டேட்டாபேஸ் பாதிப் பிணம். சர்வர் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றி, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கொடுத்தோம். முகவர் கையில் இருந்தவை எப்படியும் மாற்றப்பட வேண்டியவைதான்.

கணக்கைச் சரிபார்க்க ஆடிட்டரிடம் போனபோது இன்னொன்று வெளிவந்தது. முகவர் ‘தாங்களே எழுதியதாக’ சொன்ன ஜிஎஸ்டி மாட்யூல், வாடிக்கையாளர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் 9 சதவீதம் சிஜிஎஸ்டி (மத்திய வரி), 9 சதவீதம் எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) என்று போட்டிருக்கிறது. பெங்களூரு, கொச்சியில் இருந்தவர்களுக்கு மாநிலம் விட்டு மாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி 18 சதவீதம் போட்டிருக்க வேண்டும். கூட்டினால் தொகை ஒன்றுதான், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் கர்நாடகத்தில் இருக்கும் நிறுவனம் தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. வெளிமாநில வாடிக்கையாளர்கள் 37 பேர். ஜிஎஸ்டி சட்டத்தின் 77ஆவது பிரிவின்படி, சரியான வரியை முதலில் கட்டிவிட்டுத் தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம்; ஐஜிஎஸ்டி சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, அப்படிக் கட்டும் வரிக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை. சட்டம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தொகையை மறுபடியும் கையிலிருந்து புரட்ட வேண்டியிருந்தது. இன்வாய்ஸ் எண் 16 எழுத்துக்கு மிகக் கூடாது என்பது விதி. எங்கள் எண்ணில் நிறுவனப் பெயரையும் சேர்த்து 19 எழுத்து வருமாறு முகவர் அமைத்திருந்தார். ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு பெண் மாதந்தோறும் அதைக் கையால் வெட்டி ஜிஎஸ்டி தளத்தில் பதிந்து வந்திருக்கிறார். அவருக்கு நான் நன்றி சொன்னேன். இன்வாய்ஸ் வரிசையில் விடுபட்ட எண்களுக்கு விளக்கம் எழுதித் தந்ததும் அவர்தான்.

அடுத்து நடந்ததை எழுத மனம் கூசுகிறது. ஆனாலும் எழுத வேண்டும். தயாரிப்பாளரிடமே நேரடியாக என் பெயரில் மாத உரிமம் வாங்கி, என் சர்வரில் நிறுவி, டேட்டாபேஸ் புதிய பதிப்போடு பொருந்தாததால் வாடிக்கையாளர் விவரங்களை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக ஏற்றினோம். ஜூலை 6 இரவு கிரானை இயக்கிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் 61 கணக்குகள் நிறுத்தப்பட்டிருந்தன. நான்கு கணக்குகள் அழிக்கப்பட்டிருந்தன. பழைய மென்பொருளில் சில வாடிக்கையாளர்களுக்கு ‘இதை நிறுத்தாதே’ என்று குறித்து வைத்திருந்தேன். ஆண்டு மானியம் வந்த பிறகே கட்டும் பள்ளிகள், கையில் பணம் வரும்போது கட்டும் பெரியவர்கள். அந்தக் குறிப்பு சிஎஸ்வியில் வரவே இல்லை. மென்பொருள் பழைய நிலுவையைப் பார்த்தது, அழித்தது.

மூன்றை முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து மீட்டோம். நான்காவது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காங்கேயம் பக்கத்து ஊர்களின் பழைய வீடுகளையும் நடுகற்களையும் படமெடுத்துச் சேர்த்துவந்த தளம். அளவு பெரிது என்பதால் பேக்கப்பில் அது விடுபட்டிருந்தது. அந்த வரம்பை வைத்தது நான். முகவர் மீது எவ்வளவு குற்றம் இருந்தாலும் இந்த இழப்புக்குப் பொறுப்பு என்னுடையது. அந்த ஆசிரியர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். பழைய கணினியில் 2016 வரையிலான படங்கள் கிடைத்தன. அதற்குப் பிந்தியவை இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை.

ஆகவே மென்பொருள் தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் விலையைப் பார்க்காதீர்கள், வசதிப் பட்டியலையும் பார்க்காதீர்கள். உரிமம் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த டொமைனில் எந்த உரிமம் ஓடுகிறது என்று சரிபார்க்கும் வசதியைப் பல தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கிறார்கள்; இல்லாவிட்டால் ஒரு மின்னஞ்சல் போதும், நான் கேட்டபோது ஒரே நாளில் பதில் வந்தது. நிறுவுவது உங்கள் சர்வரில் இருக்கட்டும். டேட்டாபேஸோடு அமைப்புக் கோப்பையும் சேர்த்து வேறோர் இடத்தில் வாரந்தோறும் எடுத்து வையுங்கள். வாங்குவதற்கு முன்பே சோதனைப் பதிப்பில் பத்து வாடிக்கையாளரை ஏற்றி, அவர்களை முழுமையாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்; எது விடுபடுகிறது என்பது அப்போது தெரியும். ஒரு கர்நாடக முகவரியைப் போட்டு இன்வாய்ஸ் எடுத்து உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள். புதிய இடத்துக்கு மாறும்போது, தானாக நிறுத்துவதையும் தானாக அழிப்பதையும் அணைத்துவிட்டே கிரானைத் தொடுங்கள். நான் இப்போதும் அழிப்பதை அணைத்தே வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பட்டியலைப் பார்த்துக் கையால்தான் செய்கிறோம்.

நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருளுக்குப் போகலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். பாக்ஸ்பில்லிங் என்ற பில்லிங் மென்பொருளிலிருந்து கிளைத்த ஃபாஸ்பில்லிங்கைப் பார்த்தேன். உரிமத்தைக் காட்டி யாரும் பூட்ட முடியாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் அப்போது அது 1.0 பதிப்பைக்கூட எட்டாமல் 0.6 வரிசையில்தான் இருந்தது; வாடிக்கையாளர் பணத்தை அதன்மேல் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. ப்ளெஸ்டா என்ற இன்னொரு பில்லிங் மென்பொருளின் நிரலில் பெரும்பகுதி திறந்தே இருக்கிறது. அதுவும் பரிசீலிக்கத்தக்கது.

1930 எண்ணில் அழைத்துச் சைபர் குற்றப் பிரிவில் புகார் பதிவு செய்திருக்கிறேன். வணிக நோக்கில் வாங்கியதற்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்று சிலர் சொன்னார்கள். சுயதொழிலால் பிழைப்பவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று என் வழக்கறிஞர் சொன்னார். அந்த வழியில் மனு கொடுத்திருக்கிறோம். அவர் அறிவுரைப்படியே இங்கே முகவரின் பெயரை எழுதவில்லை.

அவர் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். போன மாதம் கரூரில் ஹோஸ்டிங் செய்யும் நண்பர் ஒருவருக்கு வேறொரு நிறுவனப் பெயரில் விலைப்பட்டியல் வந்தது. ‘ஒரே முறை, ஆயுளுக்கும்’ என்ற வாசகம் அப்படியே இருந்தது. இந்த முறை விலை 35,000 ரூபாய்.