சட்டமா, தன்னடக்கமா?

13, 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 20 பேர் கொலையுண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இன்று அங்கே சுமார் 1 பேர். குறைத்தது எது? அரசின் பிடியா, மனிதர் பழகிக்கொண்ட அடக்கமா?

எங்கள் குமரி மாவட்டத்தில் இரண்டையும் பார்க்கலாம். நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலகத்தில் அடிதடியும் தீவைப்பும் பல ஆண்டுகள் நீண்டன. 1859இல் அவர்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் மன்னர் ஆணை இட்டார். சட்டம் அப்படித்தான், வேகமாக வேலை செய்யும். ஆனால் அதே சட்டம்தான் அதுவரை ஒடுக்கியவர் பக்கம் நின்றது. அதை மறக்க முடியாது.

இன்னொரு வழியை, அதே நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த சமயச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் காட்டினார். அரசு அவரைச் சிறையில் அடைத்தது. அவரோ பொறுமையைப் போதித்தார். துவையல் தவசு என்ற கூட்டுத் தவத்தில் அவரைப் பின்பற்றியவர்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் தங்கி, துணி துவைத்து, குளித்து, சைவம் உண்டு வாழ்ந்தார்கள். அன்றாட ஒழுங்கே தன்மானமாக மாறியது. இது மெதுவான வேலைதான், ஆனால் போலீஸ் இல்லாத இடத்திலும் நிற்கும்.

சரி, 1982இல் இதே மாவட்டத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மண்டைக்காட்டுக் கலவரம்? சட்டமும் இருந்தது, கோயிலும் தேவாலயமும் இருந்தன. சில நாட்களில் எல்லாம் உடைந்தது. இருந்தும் தன்னடக்கத்தையே நான் முன்னால் வைப்பேன். கலவர நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரை ஒளித்துக் காப்பாற்றச் சொல்லி எந்த ஆணையும் வருவதில்லை.