ஆளுமைத் தேர்வுகளும் இருபது சீட்டுகளும்: பத்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

நான் முதன்முதலாக ஓர் ஆளுமைத் தேர்வு எழுதியது 2014இல். அப்போது சென்னை சோழிங்கநல்லூரில் மென்பொருள் டெஸ்டிங் வேலை. மெக்கானிக்கல் படித்தவனுக்குக் கேம்பஸில் கிடைத்த வேலை அது. இன்று கோவையில் எனர்ஜி ஆடிட் செய்கிறேன். ஸ்பின்னிங் மில், ஃபவுண்டரி, சாயப்பட்டறை என்று போய், மின்சாரமும் நீராவியும் எங்கே வீணாகின்றன என்று அளந்து சொல்லும் வேலை. இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவில் பலவிதத் தேர்வுகளை எழுதியிருக்கிறேன், சிலவற்றை மூன்று முறை. வேலை மாற யோசிக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் "எந்த டெஸ்ட் எழுதினா சரியாச் சொல்லும்?" என்பதுதான். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

2014இல் எழுதியது எம்பிடிஐ பாணித் தேர்வு. அலுவலகப் பயிற்சி ஒன்றில் எல்லோரையும் உட்கார வைத்து எழுதச் சொன்னார்கள். கார்ல் யுங் 1921இல் எழுதிய கருத்துகளை வைத்து, கேதரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கியது எம்பிடிஐ. நான்கு அளவுகோல்கள், ஒவ்வொன்றிலும் நாம் எந்தப் பக்கம் என்பதற்கு ஓர் எழுத்து. நான்கு எழுத்துகள் சேர்ந்து பதினாறு வகை மனிதர்கள். எனக்கு வந்த அறிக்கையைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது உண்மை. யாரோ என்னைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே மாதிரியான இலவசத் தேர்வை எழுதினேன். நான்கில் இரண்டு எழுத்துகள் மாறியிருந்தன. அந்த அறிக்கையும் என்னைப் பற்றியே எழுதியது போலத்தான் இருந்தது. அப்போதுதான் சந்தேகம் வந்து தேடிப் படித்தேன்.

காரணம் புரிந்தது. ஒரு அளவுகோலில் நடுவில் நிற்கும் ஆளை இந்தத் தேர்வு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளியே ஆக வேண்டும். 51 வாங்கியவனும் 95 வாங்கியவனும் ஒரே எழுத்து. அடுத்த முறை அதே ஆள் 49 வாங்கினால் வேறு எழுத்து. நான் இரண்டு அளவுகோல்களில் நடுவில் நிற்கிறேன், அவ்வளவுதான். அறிக்கை ஏன் அவ்வளவு பொருந்தியது என்பதற்கு பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948இல் செய்த சோதனை பதில் சொல்லும். 39 மாணவர்களிடம் ஆளுமைத் தேர்வு வைத்து, எல்லோருக்கும் ஒரே அறிக்கையைக் கொடுத்தார். அதிலிருந்த வாக்கியங்கள் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் 5க்கு 4.26. 'பொருந்துகிறது' என்ற உணர்வை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று இதைப் படித்த பிறகு முடிவு செய்தேன். எம்பிடிஐ வெளியிடும் நிறுவனமே அதை ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது. குழுவில் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள ஒரு பேச்சு மொழி கிடைக்கும். வேலையைத் தேர்ந்தெடுக்க எனக்கு அது உதவவில்லை.

2016இல் எழுதியது ஆர்வங்களை அளக்கும் தேர்வு. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அறுபது வேலைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, ரொம்பப் பிடிக்காது என்பதில் தொடங்கி ரொம்பப் பிடிக்கும் என்பது வரை ஐந்தில் ஒன்றைக் குறிக்கச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959இல் முன்வைத்த கொள்கைதான் இதன் அடிப்படை. கைவேலையும் பொருள்களும் சார்ந்தது, ஆராய்வது, கலை, மனிதர்களுக்கு உதவுவதும் கற்றுக்கொடுப்பதும், ஆட்களை இணங்கவைத்து நடத்திச் செல்வது, ஒழுங்காகக் கணக்கும் ஆவணமும் பார்ப்பது என ஆறு ஆர்வங்கள். ஒவ்வொன்றுக்கும் 40க்கு மதிப்பெண்.

இந்தத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் உண்மையிலேயே வேலை செய்த தேர்வு இது, ஆனால் முதல் முறை அல்ல.

சமையலறை அலமாரி செய்வது, செங்கல் அல்லது டைல்ஸ் பதிப்பது, இப்படிக் கேள்விகள் வரும். 2016இல் இவை எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் 'பிடிக்காது' போட்டேன். கைவேலைக்கு 40க்கு 11 வந்தது. ஆராய்ச்சிக்கு 27, ஒழுங்கு சார்ந்த வேலைக்கு 24. சரி, டெஸ்டிங் வேலைதான் நமக்குப் பொருத்தம் போல என்று அங்கேயே இருந்துவிட்டேன்.

2018 தீபாவளிக்குக் கோவை வந்தபோது கணபதியில் மாமாவின் லேத் பட்டறைக்குப் போனேன். பள்ளியில் படிக்கும்போது என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அங்கேதான் கழிந்தன. கூலண்ட் எண்ணெய் வாசனை, சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவல். ஒரு ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டர் வைத்து அளந்து கொடுத்தேன். மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, கை இன்னும் மறக்கல பாரு" என்றார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அலமாரி செய்வது பிடிக்காது என்று போட்டது யார்? செங்கல் அடுக்குவதும் மரம் இழைப்பதும் படிக்காதவர்கள் செய்யும் வேலை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த காதுதான் அந்தப் பதிலைப் போட்டது. படிப்போ சம்பளமோ பார்க்காமல், பிடிக்குமா பிடிக்காதா என்று மட்டும் சொல்லுங்கள் என்று அந்தத் தேர்வின் தொடக்கத்திலேயே இருக்கிறது. நான் அதைப் படித்துவிட்டு, கௌரவத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருந்தேன்.

மறுபடி எழுதினேன். ஒவ்வொரு கேள்விக்கும், நாள் முழுக்க இதைச் செய்தால் சாயந்திரம் எப்படி இருப்பேன் என்று மட்டும் நினைத்துப் பதில் போட்டேன். கைவேலை 31, ஆராய்ச்சி 30. ஆட்களை இணங்கவைப்பது 9. இந்த 9 இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. 2017இல் டீம் லீட் ஆக்கியிருந்தார்கள். சம்பளம் கூடியது, தூக்கம் குறைந்தது. பதவி உயர்வு வந்து ஏன் இப்படி என்று எனக்கே புரியாமல் இருந்தது. ஹாலண்ட் ஆறு ஆர்வங்களையும் ஓர் அறுகோணத்தில் வைக்கிறார். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை முட்டும். ஆராய்வதற்கு நேர் எதிரே இருப்பது இணங்கவைப்பது. நாள் முழுக்க ஒரு பிழையைத் துருவிக்கொண்டிருந்தவனை, நாள் முழுக்க மீட்டிங்கில் பேசி ஒப்புக்கொள்ள வைக்கும் இடத்துக்கு அந்தப் பதவி உயர்வு நகர்த்தியிருந்தது.

ஆளுமையின் ஐந்து பெருங்கூறுகளை அளக்கும் பிக் ஃபைவ் தேர்வையும் எழுதினேன், 120 கேள்விகள் கொண்ட இலவசப் பதிப்பு. ஆராய்ச்சியாளர்கள் பெரிதும் நம்புவது இதைத்தான். மூன்று முறை எழுதியும் என் எண்கள் பெரிதாக மாறவில்லை. ஆனால் வேலையைத் தேர்ந்தெடுக்க இது தந்த துப்பு குறைவு. அந்த ஐந்தில் ஒன்றான பொறுப்புணர்வு கூடுதலாக உள்ளவர்கள் எல்லா வகை வேலையிலும் நன்றாகச் செய்கிறார்கள் என்று பாரிக், மவுண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். எல்லா வேலைக்கும் உதவும் குணம் என்றால், எந்த வேலை என்று அது எப்படிச் சொல்லும்? ஆட்களோடு கலகலப்பாகப் பழகும் புறமுகத் தன்மை எனக்குக் குறைவு என்பது மட்டும் நான் சந்தேகித்ததை உறுதி செய்தது.

அடுத்தது மதிப்புகள். வேலையில் எனக்கு எது முக்கியம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பது. இதற்கும் ஓநெட் ஒரு கருவி வைத்திருக்கிறது. இருபது சீட்டுகள். 'என் சொந்த யோசனைகளைச் செய்து பார்க்க முடிய வேண்டும்', 'வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும்', 'என் மனசாட்சிக்கு எதிரானதைச் செய்யச் சொல்லக் கூடாது', 'மற்றவர்களோடு ஒப்பிட்டால் நல்ல சம்பளம் வர வேண்டும்' என்ற வகையில் ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம். இவற்றை ஐந்து வரிசையாக அடுக்க வேண்டும், ஒரு வரிசையில் நான்கு மட்டும். இந்த 'நான்கு மட்டும்' என்பதில்தான் இதன் அருமை இருக்கிறது. ஆளுமைத் தேர்வில் எல்லா நல்ல குணத்துக்கும் ஆமாம் போடலாம். இங்கே ஒன்றை மேலே வைக்க இன்னொன்றைக் கீழே இறக்கியே ஆக வேண்டும்.

ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, கத்தரித்து, பாயில் பரப்பினேன். முடித்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு சீட்டுகளைக் கலைத்து மனைவியிடம் கொடுத்தேன். எனக்கு எது முக்கியம் என்று நீ நினைக்கிறாயோ அப்படி அடுக்கு என்றேன். நான் நிரந்தர வேலையை முதல் வரிசையில் வைத்திருந்தேன். அவள் அதை நான்காவது வரிசையில் வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஏனுங்க, வேலை போயிருமோன்னு நீங்க பயந்து நான் பார்த்ததே இல்லீங்க. உங்கப்பாதான் பயப்படுவாரு" என்றாள். அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தச் சீட்டு அவருடையது. அதை அவர் பக்கம் வைத்துவிட்டு மறுபடி அடுக்கினால் என் முதல் வரிசையில் வந்தவை சொந்த யோசனை, ஒவ்வொரு நாளும் வேறு வேலை, மனசாட்சி, என் திறமைக்கு வேலை. சம்பளம் மூன்றாவது வரிசை.

யாராவது ஒரே ஒரு கருவி சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். அதுவும் கூட வாழும் ஒருவரோடு சேர்ந்து.

எந்தத் தேர்வும் என்னிடம் 'எனர்ஜி ஆடிட்' என்று சொல்லவில்லை. பொருளைத் தொட்டு அளந்து ஆராய்வது, தினமும் வேறு இடம், என் யோசனைக்கு இடம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி மாமாவிடம் காட்டினேன். அவர் பட்டறைக்கு வரும் ஒரு மோட்டார் ரீவைண்டிங்காரர் மூலம் ஓர் ஆடிட் ஆலோசகர் அறிமுகமானார். விடுப்பு எடுத்து மூன்று நாள் அவரோடு சுற்றினேன். அந்த மூன்று நாள்தான் கடைசித் தேர்வு. மில்லுக்கு வார விடுமுறை, ராத்திரி பத்து மணி. மெஷின் எல்லாம் நின்றிருக்க, காற்றை அழுத்திக் குழாய்களில் அடைக்கும் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டுக் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றோம். யாரும் காற்றைப் பயன்படுத்தவில்லை, ஆனாலும் கம்ப்ரஸர் 90 விநாடி லோடில், அதாவது காற்றை அடைத்தபடி ஓடுகிறது, 210 விநாடி அன்லோடில், அதாவது காற்றை அடைக்காமல் இருக்கிறது, திரும்பவும் லோடு. மொத்தம் 300 விநாடியில் 90 என்றால், அது முழு நேரமும் லோடில் ஓடினால் அடைக்கக்கூடிய காற்றில் 30 சதவீதம் கசிவு. நூலைக் கூம்பில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் பக்கம் நடந்தபோது அந்த நிசப்தத்தில் ஒவ்வொரு குழாய் மூட்டிலிருந்தும் 'ஸ்ஸ்' என்று கேட்டது. சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வந்த இடத்தில் எல்லாம் டேக் கட்டினோம். விடிந்ததே தெரியவில்லை.

2019 மே மாதம் வேலையை விட்டேன். சம்பளம் பாதிக்கும் கீழே போனது. 2020 ஊரடங்கில் மில்கள் மூடியதும் சில மாதம் வேலையே இல்லை. சேமிப்பு கரைந்தது, மனைவியின் சம்பளத்தில் ஓடியது. சான்றிதழ் பெற்ற எனர்ஜி ஆடிட்டர் ஆக மத்திய அரசின் பி.இ.இ. (பீரோ ஆஃப் எனர்ஜி எஃபிஷியன்சி) நடத்தும் தேர்வை எழுத வேண்டும். ஃப்ரிட்ஜில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்ட வைக்கும் அதே அமைப்புதான். பொறியியல் பட்டதாரிக்கு இந்தத் துறையில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். அதைச் சேர்த்து, நான்கு தாள்களையும் முடித்துப் பழைய சம்பளத்தைத் தொட ஐந்து ஆண்டு ஆனது. தேர்வு முடிவுகளில் இதெல்லாம் வராது. ஓநெட் காட்டும் வேலைப் பட்டியலும் சம்பளமும் அமெரிக்காவுக்கு. பட்டியலை விட்டுவிட்டு ஆறு எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு வருமானம்தான் என்றால் என்னைப் போல ஒரேயடியாகத் தாவ வேண்டாம். சனி ஞாயிறுகளில் தொடங்குங்கள்.

ஒன்றைக் கோபத்தோடுதான் சொல்ல வேண்டும். அக்கா மகன் பத்தாம் வகுப்பு முடித்தபோது, பதினொன்றில் எந்த குரூப் எடுக்கலாம் என்று கேட்க அக்கா அவனை ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனாள். பத்து விரல் ரேகையையும் எடுத்து, கலர் கலராக நாற்பது பக்க அறிக்கை கொடுத்து ஐயாயிரம் ரூபாய் வாங்கிவிட்டார்கள். கணக்கு வராது, காமர்ஸ் போடுங்கள் என்று அதில் இருந்தது. விரல் ரேகையைப் பார்த்து ஒரு பிள்ளைக்கு என்ன படிப்பு வரும் என்று சொல்ல அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை. தெரிந்த பிள்ளைகள் யாரையாவது அழைத்துப்போகிறார்கள் என்றால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அந்த அறிக்கையைப் படித்த பிறகு அவன் ஒரு வாரம் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

அவனை உட்கார வைத்து ஓநெட்டின் அறுபது கேள்விகளையும் தமிழில் சொல்லி எழுத வைத்தேன். பாதியில் நிறுத்தி, "மாமா, இதெல்லாம் நான் பார்த்ததே இல்லையே, பிடிக்குமான்னு எப்படிச் சொல்றது?" என்றான். நியாயமான கேள்வி. தெரியாததற்கு நடுவில் உள்ள 'தெரியவில்லை'யைப் போடச் சொன்னேன். அறுபதில் இருபத்து மூன்று அப்படி வந்தன. அந்த இருபத்து மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவன் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். இதுவரை ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தையும் மாமா பட்டறையையும் பார்த்திருக்கிறான். போன மாதம் ஒரு மில்லில் கசிவுச் சோதனைக்கு ஸ்டாப்வாட்ச்சை அவன்தான் பிடித்தான்.