டைனமோ போன வண்டியை ஓசூரிலிருந்து வீடு சேர்த்துக் கொடுத்த ஜே.சி. ரோடு எலக்ட்ரீசியன்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில், மினர்வா சர்க்கிளுக்கும் டவுன் ஹாலுக்கும் நடுவே, ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளின் ஓரமாக உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது இந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம். வாசலில் பிரித்துப் போட்ட டைனமோக்கள் (ஓடும் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது இதுதான்), உள்ளே ஒரு டெஸ்ட் பெஞ்ச், சுவரில் முருகன் படம். கடைக்காரருக்கு ஆம்பூர்ப் பக்கம், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணா என்றே எழுதுகிறேன்.

நான் 19 வருஷமாக நர்ஸ். நாடி பிடிக்காமல், பி.பி. பார்க்காமல் மருந்து எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வண்டி விஷயத்திலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. கார்த்திகை ஆரம்பத்தில் இரண்டு நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறியது. எங்கள் ஏரியாவில் உள்ள ஒரு பேட்டரி கடைக்குக் கொண்டுபோனேன். ஹார்னை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு "பேட்டரி போச்சு மேடம்" என்றார்கள். 4,200 ரூபாய்க்குப் புதுசு மாட்டினார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்று யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, காவேரிப்பட்டணத்தில் பெரியப்பா பேத்தி கல்யாணம். முடித்துக்கொண்டு நானும் அம்மாவும் சனிக்கிழமை மதியம் மூன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவர். சூளகிரி தாண்டி கொஞ்ச தூரம் வந்திருப்போம், டேஷ்போர்டில் சிவப்பாகப் பேட்டரி விளக்கு எரிந்தது. லைட்டர் சாக்கெட்டில் நான் ஒரு சின்ன யூஎஸ்பி சார்ஜர் செருகி வைத்திருக்கிறேன், எஸ்.பி. ரோட்டில் 250 ரூபாய்க்கு வாங்கியது. அது வோல்ட்டும் காட்டும். எப்போதும் 14.1 என்று நிற்கும் எண், அன்றைக்கு 12.3.

ஒரு பெட்ரோல் பங்க் வந்ததும் ஓரமாகத் திருப்பி நிறுத்தினேன், இன்ஜினை அணைக்கவில்லை. முதலில் இன்ஷூரன்ஸோடு வரும் ரோட் சைட் உதவிக்குத்தான் போன் போட்டேன். வண்டியை ஏற்றிப்போகும் லாரி வர இரண்டரை மணி நேரம் ஆகும், கேபினில் ஒருவர்தான் உட்கார முடியும் என்றார்கள். அந்த கேபினுக்கு அம்மாவால் ஏறவே முடியாது. அப்போதுதான் என்னோடு வேலை செய்யும் ஒரு சிஸ்டர் முன்பு கொடுத்திருந்த இந்த அண்ணாவின் நம்பர் ஞாபகம் வந்தது. அதுவரை அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி, "டெம்பரேச்சர் முள்ளு எங்கம்மா நிக்குது?"

நடுவில் நிற்கிறது என்றேன்.

"பானட்டைத் தூக்கி, டைனமோ பெல்ட்டு சுத்துதான்னு மட்டும் பாரு. கைய உள்ள விடாத, துப்பட்டா, முடி எதுவும் கிட்டப் போகக் கூடாது."

பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. அதன்பிறகுதான் அவர் குரல் தணிந்தது. காரணத்தைப் பிறகு சொன்னார். டைனமோ என்று நாம் சொல்கிற ஆல்டர்நேட்டரைச் சுற்றும் பெல்ட்தான் நிறைய வண்டிகளில் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தாலும் இதே சிவப்பு விளக்குதான் எரியும். அது தெரியாமல் ஓட்டினால் தண்ணீர் ஓட்டம் நின்று, சில கிலோமீட்டரிலேயே இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கெட் போய்விடும். பெல்ட் அறுந்த வண்டி ஒரு அடிகூட நகரக் கூடாது. பெல்ட் நன்றாக இருந்து டைனமோ மட்டும் கெட்டிருந்தால், பேட்டரியில் இருப்பதை வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டலாம். எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கை அவர் போனிலேயே போட்டார். என் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர், அதாவது 1 ஆம்பியர் இழுத்தால் 35 மணி நேரம் வரும் கணக்கு. பெட்ரோல் பம்ப், இக்னிஷன், இன்ஜெக்டர், இன்ஜினின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். காகிதத்தில் மூன்றரை மணி நேரம் வரும். ஆனால் பேட்டரி பாதி இறங்கும்போதே வோல்ட் தளர்ந்துவிடும் என்பதால் அதில் பாதியைத்தான் நம்பலாம். ஹெட்லைட் போட்டால், 55 வாட் பல்பு இரண்டு, இன்னொரு 9 ஆம்பியர். நேரம் அதிலும் பாதியாகிவிடும். ஏசி புளோயரை வேகமாக வைத்தால் 15 ஆம்பியர் பக்கம் போகும். "வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தான் இந்த பேட்டரி. இருட்டுறதுக்குள்ள ஓசூர் வந்துடு. லைட்டை அணைச்சிட்டு ஹைவேல ஓட்டுற வேலை மட்டும் வேணாம், லாரிக்காரனுக்கு உன் வண்டி தெரியாது."

பிறகு ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னார். ஏசி, புளோயர், பாட்டு, போன் சார்ஜிங், பின்கண்ணாடி ஹீட்டர். ஜன்னலை இப்போதே பாதி இறக்கிவிட்டு அப்புறம் தொடாதே என்றார், அந்த மோட்டாரும் இழுக்கும். ஹசார்ட் விளக்கையும் அணைக்கச் சொன்னார். பங்குக்குள் நிற்பதால் அது தேவையில்லை, ரோட்டோரம் நின்றிருந்தால் கட்டாயம் வேண்டும் என்று அதையும் விளக்கினார். ஆக்ஸிலேட்டரை அழுத்தி ரேஸ் பண்ணினால் சார்ஜ் ஏறும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதே, சுற்றினாலும் கரண்ட் வராத டைனமோ அது என்றார். இன்ஜினை மட்டும் அணைக்கவே கூடாது. மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தளர்ந்த பேட்டரி அந்த ஒரு இழுப்பில் படுத்துவிடும்.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே பங்கில் நின்ற ஒரு லாரி டிரைவர், உதவி செய்கிற எண்ணத்தில்தான், ஸ்பேனரோடு வந்தார். "பேட்டரி டெர்மினலக் கழட்டிப் பாருங்க சிஸ்டர், வண்டி நின்னா டைனமோ அவுட்." போனில் அதைக் கேட்ட அண்ணா சத்தம் போட்டார்: "தொட விடாத!" அந்த டிரைவருடைய பழைய லாரியில் அது சரியாக இருந்திருக்கும், மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் இன்ஜின் பேட்டரி இல்லாமலும் ஓடும். கம்ப்யூட்டர் உள்ள வண்டியில், டைனமோ கொஞ்சம் உயிரோடு இருக்கும் நேரத்தில் பேட்டரியைக் கழற்றினால் வோல்ட் திடீரென்று எகிறும். தாங்குவதற்கு பேட்டரி இல்லாததால் அந்த அடி நேராக கம்ப்யூட்டரில் விழும். டைனமோவைவிட அது பல மடங்கு விலை. டிரைவரிடமும் போனைக் கொடுக்கச் சொல்லி அண்ணா மரியாதையாகவே விளக்கினார். அவரும் கேட்டுக்கொண்டு எனக்கு வழிவிட்டார்.

ஓசூருக்குள் வந்தபோது மணி ஐந்தே கால். மீட்டர் 12.0. பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாலேயே ஒரு பெரிய ஓட்டலின் பார்க்கிங்கில் நிறுத்தச் சொல்லியிருந்தார். அம்மாவுக்குக் காபியும், கால் நீட்டிக்கொள்ள நாற்காலியும் கிடைத்தன. அண்ணாவிடம் தொழில் பழகிய ஒரு பையன் அத்திப்பள்ளியில் கடை வைத்திருக்கிறான்; அவனை முழுச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு ஸ்கூட்டரில் அனுப்பினார். ஆறே காலுக்கு வந்தான். வந்ததும் அவனும் முதலில் மீட்டரைத்தான் எடுத்தான். இன்ஜின் ஓட்டத்தில் பேட்டரி முனையில் 11.9. டைனமோவின் பின்னால் இருக்கும் போல்ட்டிலும் அதே 11.9. "டைனமோ எதுவும் தரலக்கா. வயர்ல கோளாறு இல்ல." இன்ஜினை அணைத்து, நெகட்டிவை முதலில் கழற்றி, பேட்டரியை மாற்றி, நெகட்டிவைக் கடைசியில் மாட்டினான். என் பேட்டரியை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டிக்கியில் கயிறு போட்டுக் கட்டினான்.

அங்கிருந்து அல்சூரில் என் வீடு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். இப்போது ஹெட்லைட் எரிய வேண்டும், அதனால் இருபது ஆம்பியருக்கு மேல். சனிக்கிழமை இரவு. அத்திப்பள்ளி டோல் வரைக்கும் பையன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தான், யாரும் அவனிடம் சொல்லவில்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் மேம்பாலத்திலேயே போகச் சொன்னார் அண்ணா. டோல் காசைப் பார்க்காதே, கீழே ஒவ்வொரு சிக்னலிலும் நின்றால் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், ஹெட்லைட் இழுப்பதைவிட அது அதிகம் என்றார். அது எவ்வளவு உண்மை என்பது சில்க் போர்டு சிக்னலில் தெரிந்தது. பன்னிரண்டு நிமிஷம் நின்றோம். ஃபேன் ஓடும் ஒவ்வொரு முறையும் எண் 12.1-இலிருந்து 11.8-க்கு இறங்கி, ஃபேன் நின்றதும் ஏறியது. ஐ.சி.யூ. மானிட்டரைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்சீட்டில் கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வந்தார். கோரமங்களா, ஈஜிபுரா, தொம்மலூர் என்று வந்து எட்டு இருபதுக்கு வீட்டு வாசல். 11.7.

போன் பண்ணிச் சொன்னபோது அண்ணா இன்னும் கடையை மூடவில்லை. எட்டு மணிக்கு மூடுகிறவர். "அம்மா ஏறிட்டாங்களா வீட்டுக்கு?" என்றுதான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பையன் ஒரு சார்ஜரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். என் பேட்டரியைப் பால்கனியில் வைத்து ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றச் சொன்னார் அண்ணா. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், சமையலறைப் பக்கமோ சாமி விளக்குப் பக்கமோ வைக்கக் கூடாது. திங்கள் காலை அதை மாட்டிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், கடைக்கு நானே ஓட்டிப்போனேன்.

இனி வேலையைப் பற்றி. டைனமோவைக் கழற்றி என் கண் முன்னால்தான் பிரித்தார். உள்ளே இரண்டு கார்பன் பிரஷ் இருக்கின்றன. சுற்றும் ரோட்டருக்கு அவைதான் கரண்ட் கொடுக்கின்றன. ஒன்று தேய்ந்து, ரோட்டரில் உள்ள ஸ்லிப் ரிங் என்ற உலோக வளையத்தைத் தொடாமல் நின்றிருந்தது. ரோட்டருக்குக் கரண்ட் போகாவிட்டால் காந்தம் இல்லை, காந்தம் இல்லாவிட்டால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் மின்சாரம் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அது சில நேரம் தொட்டும் சில நேரம் தொடாமலும் இருந்திருக்கும், அதனால்தான் பேட்டரி சில காலை மட்டும் படுத்தது என்றார். நான் மாற்றிய பழைய பேட்டரி அநேகமாக நல்ல பேட்டரி. அதைச் சொல்லும்போது அவர் அந்தக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. 4,200 ரூபாயைவிட, அம்மாவை அந்த ரோட்டில் நிறுத்திவிட்டேனே என்பதுதான்.

பிரஷ் ஹோல்டரோடு சேர்ந்த, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், பின்பக்க பேரிங், பெல்ட், மூன்றும் புதுசு. ஸ்லிப் ரிங்கை லேத்தில் ஒரு சுற்று சீவி வழுவழுப்பாக்கினார். ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டயோட் பிளேட்டை ஒவ்வொரு டயோடாக மீட்டரில் பார்த்து, நல்லது, மாற்ற வேண்டாம் என்று திருப்பி மாட்டினார். பாகமும் கூலியும் சேர்த்து 3,150 ரூபாய். அதே ரோட்டில் நான் விசாரித்தபோது புது டைனமோவுக்கு 9,500 சொன்னார்கள். வண்டியில் பூட்டி ஓட்டியதும் மீட்டரை என் கையில் கொடுத்தார். சும்மா ஓட்டத்தில் 14.2. ஹெட்லைட், ஏசி, புளோயர் எல்லாவற்றையும் போட்டு 13.8. "இத எழுதி வச்சுக்கோம்மா. இனிமே எந்தக் கடைக்குப் போனாலும் இந்த ரெண்டு நம்பரையும் கேளு."

சனிக்கிழமை ராத்திரி உதவிக்கு எவ்வளவு என்று மூன்று தடவை கேட்டேன். பையனின் பெட்ரோலுக்கும் நேரத்துக்கும் 500 மட்டும் வாங்கிக்கொண்டார். இரவல் பேட்டரிக்கு ஒன்றும் இல்லை.

குறைகளும் உண்டு, போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு மணி நேரம் என்றார், பத்து மணிக்கு விட்ட வண்டி மூன்றரைக்குத்தான் கிடைத்தது. ஸ்லிப் ரிங் லேத்துக்குப் போய் வரவே ஒன்றரை மணி நேரம். உட்கார ஒரு ஸ்டூல் மட்டும். பெண்களுக்குப் பாத்ரூம் கிடையாது, டவுன் ஹால் பக்கம் ஓட்டலுக்குத்தான் போக வேண்டும். வண்டி நிறுத்த இடமும் இல்லை, ஒன்பதரைக்குள் போனால் சந்துக்குள்ளேயே விட்டுவிடலாம். பில் துண்டுச்சீட்டில் கையால் எழுதியது, மூன்று மாத உத்தரவாதமும் அதன் பின்பக்கத்திலேயே. ஜி.எஸ்.டி. பில் வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தக் கடை சரிப்படாது. மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை போன் எடுக்கமாட்டார், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அயர்வார்.

பெல்ட் புதுசு என்பதால் 1,000 கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கம் பார்க்கக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், காசு கிடையாது. இன்றைக்கு 860 ஆகியிருக்கிறது. அம்மா காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த எள்ளடையை ஒரு டப்பாவில் போட்டு அவருக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.